தியாகமும் பாத்தியதையும்

திருவொற்றியூரில் ஈசனுக்குத் தியாகராஜர் என்பது திருநாமம். அப்பெயரையே தாங்கிய திருவையாற்று மகான், தம் சிஷ்யர் வீணை குப்பையரின் வேண்டுகோளுக்கிணங்கி அந்த ஸ்தலத்துக்கு எழுந்தருளி, வடிவுடையம்மன்மீது கல்யாணி, சாவேரி முதலிய ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள் பாடினார் என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. உஞ்சவிருத்தியால் ஜீவித்த அவர் அவற்றுக்கு விலை கேட்கவில்லை. எனினும் சரணத்தின் முடிவில் தம் முத்திரையைப் பதிக்கத் தவறவுமில்லை. பொருளைத் துறந்தவர்கூடப் பாட்டு யாருடையது என்பதை மறைத்துவிடவில்லை.

நாதம் ஈசுவர ஸ்வரூபமாதலின் அதற்குப் பாத்தியதை கொண்டாடுவது அபசாரம் என்று சொல்வோர் உண்டு. உயர்ந்த வாதந்தான், ஆனால் துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டுமல்லவா? கையில் ஒன்றுமில்லாதவனிடம் தியாகத்தை உபதேசிப்பவர் எவராயினும், அவர் உபதேசத்தின் பலன் இசைத்தட்டுக் கம்பெனியின் பெட்டியில்தான் போய்ச் சேர்கிறது.

நம் சட்டமும் நெடுநாள் அந்தப் பெட்டிக்கே காவல் நின்றது. பணம் கொடுத்து இசையமைக்கச் செய்த படத் தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அந்த இசைக்கு முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடுகிறவனுக்குச் சட்டத்தில் இடமில்லாத குறையை நீதிபதி கிருஷ்ணய்யர் அப்போதே பார்லிமெண்டுக்குச் சுட்டிக்காட்டினார். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடகருக்கும் ராயல்டி உரிமை வழங்கியதோடு, கவிஞரும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கை வாரிசுக்கோ வசூல் சங்கத்துக்கோ அன்றிப் பிறருக்கு எழுதிக்கொடுக்கலாகாது என்றும் விதித்தது. இல்லாமையினால் போடப்படும் கையெழுத்தைத் தியாகமென்று கொள்ளாத விவேகம் அந்த விதியில் இருக்கிறது.

ஆயினும் விதியின் நிழல் எல்லார்மீதும் விழுவதில்லை. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் துக்க வீட்டு வாசலில், இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணத்தையும் அந்தக் கணமே பாட்டில் கோத்து, விடியும்வரை மரண கானா பாடுகிறவனிடம் ஒப்பந்தமும் இல்லை, சங்கத்து அங்கத்தினர் சீட்டும் இல்லை. அவன் மெட்டை வேறொருவர் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டால், அந்தப் பதிவுக்கு உரிமை கோருவதற்கு அவரிடம் ஆதாரம் தயாராக இருக்கும். மெட்டு தன்னுடையது என்று நிரூபிக்கும் பாரமோ பாடினவன் தலையில் விழும்.

ஆகவே, சட்டம் கலைஞனுக்கா கம்பெனிக்கா என்று கேட்டால், காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு என்பதே இன்றைய நிலை. பாட்டை உலகுக்கு விட்டுக்கொடுப்பது மேலான தர்மம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தர்மத்தைச் செய்யும் அதிகாரம் பாடினவனுக்கே உரியது; அவன் பெயரைப் பதிந்து, அவன் பங்கையும் கணக்கையும் அவன் கையில் கொடுத்த பிறகு, வைத்துக்கொள்வதா வழங்கிவிடுவதா என்பதை அவன் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும்.