திங்கள் காலை பத்து மணி

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் மனதில் ஒரு கனம் இறங்கும். பள்ளிக்கூட நாளில் தொடங்கியது. வேலைக்குப் போய் இருபது வருடமாகியும் விடவில்லை. அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். “எனக்கு அது சனிக்கிழமை ராத்திரியே வந்துரும்டி” என்றார்.

மறுநாள் எல்லோரும் வீட்டில் இருப்போம். கறி வாங்கி, மசாலா அரைத்து, வாரத் துணி மொத்தத்தையும் ஊறப்போட்டு, மதியம் வரும் விருந்தாளிக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். திங்கள் காலை பத்து மணிக்கு, கடைசி ஆளும் செருப்பு மாட்டிக் கிளம்பிய பிறகு, ஆறிய காப்பியைச் சுடவைத்துக்கொண்டு உட்காருவார். வாரத்திலேயே அவர் முகம் தெளிந்திருந்த நேரம் அதுதான். யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. பிள்ளைகள் போனதும் நிம்மதி என்று ஒரு தாய் சொல்லலாமா?

ஞாயிறு விடுமுறை சும்மா வரவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராடி 1890இல் பெற்றது அது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலும் வார விடுமுறை இருந்தது. ஆனால் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. (அந்த வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு மட்டும். பெரும்பாலோர் அதற்குள்ளேயே வரவில்லை.)

ஞாயிறு மதியம் அம்மாவும் அரைமணி படுப்பார். காது விழித்திருக்கும், சீப்பு எங்கே என்று யார் கேட்டாலும் பதில் வரும். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் உடம்பு தளரும். அதற்கும் அன்புக்கும் சம்பந்தமில்லை. ஓய்வென்றால் அதுதான் என்று பல காலம் நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு அக்கா வருகிறார். ஞாயிறன்று பாத்திரம் அதிகம் என்பதால் அன்றைக்கும் வரச் சொன்னவள் நான்தான். பதிலுக்குப் புதன்கிழமை லீவு. என் தாராளத்தை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. போன மாதம் அவர் சொன்னார்: “புதன்கிழமை புள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடுதுங்கம்மா. ஞாயித்துக்கிழமை அதுங்க வீட்ல இருக்கு, நான் இங்க இருக்கேன்.”

அம்மாவுக்குத் தேவைப்பட்டது பிள்ளைகள் இல்லாத ஒரு மணி நேரம். இவருக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள். உனக்கு எந்த நாள் வேண்டும் என்று இருவரையும் நான் கேட்டதே இல்லை.

இப்போது ஞாயிறன்று அவர் வருவதில்லை. பாத்திரங்கள் இரவுவரை தொட்டியில் கிடக்கின்றன. யார் துலக்குவது என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.