கணவாய் வழி வந்த வணிகம்

ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தொட்டுக்கொண்டு திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்கு ஓடுகிறது தேசிய நெடுஞ்சாலை 744. எண் புதிது, தடம் பழையது. ஆரியங்காவுக் கணவாய் வழியேதான் பாண்டிய நாடும் வேணாடும் கொடுத்து வாங்கின. அந்தப் பக்கம் இறங்கினால் அரபுக் கப்பலும் சீனக் கப்பலும் வந்து நின்ற கொல்லம் துறைமுகம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூசை முடிந்ததை மதுரையில் அறிந்த பிறகே திருமலை நாயக்கர் (1623–1659) உணவருந்துவாராம். அதற்காக வழிநெடுக மண்டபம் கட்டி முரசு அறையச் செய்தார் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். செய்தி போன வழியும் சரக்கு போன வழியும் ஒன்றுதான். சாலையை அகலப்படுத்துகிறவர்கள், மிஞ்சியிருக்கும் கல்மண்டபங்களை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகட்டும். அவற்றை இடித்தால் மறுபடி கட்ட நம்மிடம் ஆளில்லை.