எழுதிய சாசனமும் எழுதாத உரிமையும்

மனிதனுக்கு உயிர்வாழும் உரிமையைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி சமயவாதிகளுக்கும் தத்துவ ஞானிகளுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணியிருப்போர், 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயத்தின்முன் வந்த அந்த வழக்கு வெளித்தோற்றத்துக்குச் சட்ட நுணுக்கம் பற்றியதே. ஆனால் அதன் அடியில் கிடந்தது, உரிமை என்பது அரசு பிரஜைக்கு மனமிரங்கி இடும் பிச்சையா, அல்லது அரசு என்று ஒன்று தோன்றுமுன்பே மனிதப் பிறவியோடு வந்த உடைமையா என்னும் புராதனமான வினா.

1975 ஜூன் 25ஆம் தேதி இரவு அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. இரண்டு நாட்களில், அரசியல் சாசனத்தின் 14, 21, 22 ஆகிய ஷரத்துக்கள் தரும் உரிமைகளை நிலைநாட்டக் கோரி எவரும் எந்த நீதிமன்றத்தையும் அணுகலாகாது என்ற ஜனாதிபதி உத்தரவும் பிறந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்க 'மிசா' சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. சிறைப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அம்மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டென்றே கூறின. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது.

விசாரணையின்போது நீதிபதி எச். ஆர். கன்னா, அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயை நோக்கி ஒன்று கேட்டார். 21ஆம் ஷரத்து சுதந்திரத்தை மட்டுமன்றி உயிரையும் குறிக்கிறதே. ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகை காரணமாக ஒருவனைக் கொன்றுவிட்டால், அவசர நிலை நீடிக்கும் வரையில் நீதிமன்றத்தில் அதற்குப் பரிகாரமே கிடையாதா என்பது அவர் கேள்வி. தம் வாதத்தின்படி பரிகாரம் கிடையாது என்றே டே பதிலளித்தார். அவர் மனச்சாட்சியற்றவர் அல்லர். ஏற்றுக்கொண்ட தர்க்கத்தை அதன் கடைசி எல்லைவரை நாணயமாகக் கொண்டு சென்றார், அவ்வளவே. ஒரு தத்துவம் பிழையானது என்பதற்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தைக் காட்டிலும் வேறு சாட்சியம் தேவையில்லை என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் ரே, பெக், சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும் அரசின் கட்சியையே ஏற்றனர். உயிரும் சுதந்திரமும் சட்டத்தின்முன் உரிமைகளாக நிற்பதற்கு 21ஆம் ஷரத்து ஒன்றே ஆதாரம். அதை நிலைநாட்டும் வழி அடைபட்டபின், மனுவுக்கு நிற்க இடமில்லை என்பது அவர்கள் கொள்கையின் சாரம். கன்னா ஒருவரே மறுத்தார். அந்த ஷரத்து இல்லாதிருந்தாலும்கூட, சட்டத்தின் அனுமதியின்றி ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றும், 1950 ஜனவரி 26க்கு முன்னரே, அந்நிய ஆட்சியிலேயே, இந்நாட்டு நீதிமன்றங்கள் அந்த நெறியை அங்கீகரித்திருந்தன என்றும் அவர் எழுதினார். காலனி ஆட்சியின் பிரஜைக்கு இருந்த காப்பு, சுதந்திர நாட்டின் பிரஜைக்கு அவனுடைய சாசனம் பிறந்த காரணத்தாலேயே பறிபோயிற்று என்று சொல்வதில் உள்ள விபரீதத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எழுதி வைப்பதில் இப்படியொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதை அமெரிக்கர்கள் முன்னமே உணர்ந்திருந்தார்கள். உரிமைகளைப் பட்டியலிட்டால் பட்டியலில் இல்லாதவை மக்களுக்கு இல்லாதவை என்று ஆள்வோர் சாதிப்பார்களே என்ற அச்சம் அங்கே எழுந்தது. அதற்கு விடையாகவே 1791இல் நிறைவேறிய அவர்களுடைய ஒன்பதாவது திருத்தம், சில உரிமைகளைக் குறிப்பிட்டதால் மக்களிடம் உள்ள ஏனையவை மறுக்கப்பட்டனவாகக் கொள்ளலாகாது என்று விதித்தது.

அப்படியானால், உரிமை சாசனத்துக்கு முந்தியது என்றால், சாசனம் எதற்கு? நம் முன்னோர் இக்கேள்விக்கு அரசனுடைய மனச்சாட்சியையே விடையாகக் கொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் தன் பிழையை உணர்ந்து அங்கேயே உயிர் நீத்தான். அந்த மன்னனின் மாண்பைச் சிறு வயதிலிருந்து வியந்து வந்திருக்கிறோம், வியக்கத்தக்கதும்தான். ஆனால் கண்ணகி வழக்குரைக்க அவைக்கு வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. ஆட்கொணர்வு மனுவோ, கோவலன் உயிரோடிருக்கும்போதே அவனைச் சபைமுன் நிறுத்தி, எந்தச் சட்டத்தின்படி இவனைப் பிடித்தாய் என்று காவலனைக் கேட்கிறது. ஆள்பவன் நல்லவனா தீயவனா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. உரிமையைப் படைப்பது சாசனத்தின் வேலையன்று. உரிமைக்குக் காலம் தாழாத பரிகாரத்தைப் படைப்பதே அதன் வேலை. உச்ச நீதிமன்றத்தை நேரே அணுக வழிசெய்யும் ஷரத்தையே சாசனத்தின் ஆன்மாவென்றும் இதயமென்றும் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் போற்றியதன் காரணமும் இதுவென்றே கொள்கிறேன். பரிகாரத்தின் வாயிலை மூடிவிட்டு உரிமை உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதல் கூறுவது, பட்டினி கிடப்பவனிடம் பூட்டிய களஞ்சியத்தைக் காட்டுவது போன்றது.

1977 ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி காலியானபோது, மூத்தவரான கன்னாவை விலக்கிப் பெக்கை அரசு நியமித்தது; கன்னா ராஜினாமா செய்தார். அவசர நிலை நீங்கி ஆட்சி மாறியபின் வந்த 44வது திருத்தம், அவசர நிலையிலும் 20, 21 ஆகிய ஷரத்துக்களை நிலைநாட்டும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று செய்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அன்று தள்ளுபடியான கருத்துக்களுள் ஒன்றை எழுதியவர் ஒய். வி. சந்திரசூட், அதைத் தள்ளி எழுதியவர் அவருடைய புதல்வர் டி. ஒய். சந்திரசூட்.

எனினும் இந்தக் கதை முடிந்துவிடவில்லை. உரிமைகளைப் பேசும் அதே அத்தியாயத்தில், 22ஆம் ஷரத்து, குற்றம் எதுவும் சாட்டாமலே ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க இன்றும் இடம் தருகிறது. ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேளாமலே அவரை மூன்று மாதங்கள் அடைத்து வைக்கலாம். 44வது திருத்தம் அந்த மூன்றை இரண்டாகக் குறைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்த ஒரு பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை, அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் வெளியிடவில்லை.