ஊகம் பலித்தது

2025-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி மாலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் ஒரு பரீட்சை நடந்தது. எழுதியவர்கள் இரண்டே பேர்: நானும், அடுத்த தெருவில் குடியிருக்கும் என் நண்பரும். ஆஸ்கார் பரிசுகளுக்கு எந்தெந்தப் படங்கள், எந்தெந்தக் கலைஞர்கள் போட்டியிடப் போகிறார்கள் என்பதை அன்றுதான் அமெரிக்காவில் அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பற்றியெரிந்த காட்டுத் தீயினால் இரண்டு முறை தள்ளிப் போடப்பட்ட அறிவிப்பு அது. காத்திருந்த நாட்களில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு காகிதத்தில் எங்கள் ஊகங்களை எழுதி மடித்து வைத்திருந்தோம். தோற்றவர் ஜெயித்தவருக்கு ரவா தோசையும் காபியும் வாங்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நான் ஜெயித்தேன். சிறந்த படத்துக்கான பத்துப் பெயர்களில் எட்டு என் காகிதத்தில் இருந்தன. பிரேசில் நாட்டுப் படமான 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்', 'நிக்கல் பாய்ஸ்' ஆகிய இரண்டை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. டைரக்டர்கள் ஐவரில் நால்வரைச் சரியாகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு பெயர் வாசிக்கப்பட்டபோதும் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் குதூகலித்தேன்.

அப்போது சமையலறையிலிருந்து என் மனைவி வந்து கேட்டாள்: "அந்த ரைஸ் குக்கர் படம் வந்ததா?"

அவள் கேட்டது பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' என்ற படத்தைப் பற்றி. பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகள் இருவரும், அங்கே சமையல் வேலை செய்யும் ஒரு மராட்டியப் பெண்மணியும்தான் அதன் முக்கியப் பாத்திரங்கள். மூத்த நர்சின் கணவன் ஜெர்மனிக்குப் போனவன்; அவனிடமிருந்து பேச்சுமில்லை, சேதியுமில்லை. திடீரென்று ஒரு நாள் அங்கிருந்து ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வந்து சேர்கிறது. இரவில் யாருமில்லாதபோது அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக் கொள்கிறாள். 2024-ல் கான் விழாவில் இரண்டாம் பரிசான கிராண்ட் பிரி பெற்ற படம் அது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த விழாவின் பிரதானப் போட்டியில் இடம் பெற்ற இந்தியப் படமும் அதுதான். அந்த நவம்பரில் நாங்கள் இருவரும் அதைத் தியேட்டரில் போய்ப் பார்த்தோம். நம் நாட்டிலிருந்து அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்டது வேறொரு படம். ஆனாலும் அமெரிக்காவின் கோல்டன் குளோப் பரிசுக்கு டைரக்டர் என்ற முறையில் பாயல் கபாடியாவின் பெயர் வந்திருந்ததால், ஆஸ்காரிலும் வரலாம் என்று சிலர் நம்பினார்கள்.

"வரவில்லை! வராது என்று நான் அப்போதே எழுதி வைத்துவிட்டேனே!" என்று சொல்லிக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "அதற்கா இத்தனை சந்தோஷம்? அன்றைக்குப் படம் பார்த்துவிட்டு வந்து ராத்திரி வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்களே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனத்தைத் தொட்ட ஒரு படம் தோற்றதில் எனக்குச் சந்தோஷம் உண்டாகியிருக்கிறது! எப்படி வந்தது இந்தச் சந்தோஷம்? அந்த ஐந்து டைரக்டர்களின் பெயர்களை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் அமெரிக்க டைரக்டர்கள் சங்கம் தன் பரிசுக்கு ஐந்து பெயர்களை வெளியிட்டிருந்தது. அதை அப்படியே பார்த்து எழுதினேன், நான்கு பலித்தது. அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை! எந்தப் படத்துக்கு விளம்பரம் பலம், எது யார் வாயில் அடிபடுகிறது என்றெல்லாம் கணக்குப் போட்ட நான், எந்தப் படம் நல்ல படம் என்ற கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டுக் கொள்ளவில்லை.

பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-ல் வெளியிட்ட நூலில் ஒரு பத்திரிகைப் போட்டியைப் பற்றிச் சொல்கிறார். நூறு முகங்களின் படங்களிலிருந்து அழகான ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்துப் போகிறதோ அவருக்குப் பரிசு. அங்கே புத்திசாலி தனக்கு அழகாகத் தோன்றும் முகத்தைத் தேட மாட்டான். மற்றவர்களுக்கு எது பிடிக்கும் என்று தேடுவான். இன்னும் புத்திசாலி, மற்றவர்களும் அப்படியே தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவான். கடைசியில் எல்லோரும் கணக்குப் போடுவார்கள்; முகத்தைப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். பங்கு மார்க்கெட் இப்படித்தான் நடக்கிறது என்று காட்டவே கெய்ன்ஸ் இந்த உதாரணத்தைச் சொன்னார். ஆனால் அது பங்கு மார்க்கெட்டோடு நிற்கிறதா என்ன?

"இது வெறும் விளையாட்டுதானே? மழை வருமா வராதா என்று சொல்வது போலத்தானே?" என்று கேட்கலாம். நான் ஒப்பவில்லை. நாம் சொல்வதைக் கேட்டு மழை பெய்வதில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் பேச்சைக் கேட்கிறார்கள். எல்லாப் படங்களையும் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? எது முன்னணியில் நிற்கிறது என்று சொல்லப்படுகிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். போட்டிக்கு வந்த படங்கள் அத்தனையும் பார்த்தவர்களே இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு ஓட்டளிக்கலாம் என்று ஆஸ்கார் அகாடமி ஒரு பொது விதியை அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான்! 1929-ல் முதல் ஆஸ்கார் விருந்து நடந்தபோது ஜெயித்தவர்கள் பெயர் மூன்று மாதத்துக்கு முன்பே ஊருக்குத் தெரியும். பிற்பாடு விழா இரவு வரை ரகசியம் காக்கச் சொல்லிப் பத்திரிகைகளுக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தார்கள். 1940-ல் ஒரு பத்திரிகை முந்திக் கொண்டு வெளியிட்டுவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து மூடி முத்திரையிட்ட உறை வந்தது. உறை வந்த பிறகு உள்ளே யார் பெயர் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

அமெரிக்காவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். நடுவர்கள் மூவர். வந்த கதைகளில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. ஒரு பிணவறைக் காவலாளியின் கதை. நடை கரடுமுரடு, முடிவும் இல்லை. 'மற்ற இருவரும் இதை ஏற்க மாட்டார்கள்; நான் மட்டும் தனித்து நிற்பானேன்?' என்று எண்ணி அதற்கு மூன்றாம் இடம் போட்டேன். எல்லோருக்கும் பிடிக்கக்கூடிய ஒரு குடும்பக் கதைக்கு முதலிடம் போட்டேன். அதற்கே பரிசு கிடைத்தது. பிறகு காபி குடிக்கும்போது மற்றொரு நடுவர் மெல்லச் சொன்னார்: "அந்தப் பிணவறைக் கதை நன்றாக இருந்தது, சார். உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்து விட்டுவிட்டேன்."

அந்தக் கதையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெயரை மறைத்துத்தான் கதைகளைத் தந்திருந்தார்கள். அவர் அப்புறம் எழுதினாரா, எழுதுவதையே விட்டுவிட்டாரா என்பதும் தெரியாது. இரண்டு பேருக்குப் பிடித்த கதையை அந்த இரண்டு பேருமே தோற்கடித்தோம். எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை; லஞ்சம் வாங்கவில்லை. ஊகம் மட்டுமே செய்தோம்.

ஊகத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "இது நல்லது" என்று சொன்னால் நம்மை வெளிப்படுத்திக் கொள்கிறோம், பிறர் சிரிக்கலாம். "இது ஜெயிக்கும்" என்று சொன்னால் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பொய்த்துப் போனாலும் மானம் போகாது. அந்த மார்ச் 2-ந் தேதி விழாவில் பதின்மூன்று பரிந்துரைகளோடு போட்டியிட்ட 'எமிலியா பெரெஸ்' இரண்டே பரிசுகளோடு திரும்பியது. டெமி மூருக்குத்தான் என்று பலர் அடித்துச் சொன்ன நடிகைப் பரிசு மைக்கி மேடிசனுக்குப் போயிற்று. ஆரூடம் சொன்னவர்கள் மறுநாள் சிரித்துக் கொண்டே அடுத்த ஆண்டு ஆரூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும்தான்!

பையனைக் கல்லூரியில் சேர்க்கும் தகப்பனாரும், வாசகருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துக் கொண்டே பேனாவை எடுக்கும் என் போன்ற எழுத்தாளனும் இந்தச் சௌகரியத்தில்தான் வாழ்கிறோம். ஊகம் செய்யாமல் உலகில் வாழ முடியாது. ஆனால் நமக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது என்பதே மறந்து போகும் அளவுக்கு ஊகித்துக் கொண்டிருந்தால், பிறகு நாம் எதற்கு?

நண்பரோடு பந்தயம் கட்டுவதை நான் விட்டுவிடவில்லை. ரவா தோசை மேல் ஆசை போகவில்லை. ஒரு மாறுதல் மட்டும் செய்திருக்கிறேன். காகிதத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, வலப்பக்கம் 'எது வரும்' என்றும், இடப்பக்கம் 'எது வரவேண்டும்' என்றும் எழுதுகிறேன்.

"இடப்பக்கத்துக்கு மார்க் கிடையாதே, சார்?" என்கிறார் நண்பர்.

"கிடையாதுதான்" என்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சமையலறைக்குக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.