வடிகட்டியும் பொறுப்பும்

வீட்டு மீன் தொட்டிக்கு ஃபில்டர் வேண்டுமா வேண்டாமா என்ற விஷயத்தில் தார்மீகம் எங்கே வந்தது என்று கேட்பவர், மீனை ஏற்கெனவே ஒரு நாற்காலியாகவோ பூஜாடியாகவோ ஒப்புக்கொண்டுவிட்டவர். எழுதுகிறவர்களிடையே இந்தத் தவறு வேறு ரூபத்தில் வருகிறது. நம்மிடம் மீன் உடனே படிமமாகிவிடும். கண்ணாடித் தொட்டி நகர வாழ்க்கை ஆகிவிடும். சுற்றிச் சுற்றி வரும் மீன் அந்நியமாகிப்போன மனிதன் ஆகிவிடும். அதன் பிறகு மீனைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவகாசமில்லை. இது தமிழ்க் கவிஞனுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. இத்தாலியில் மோன்ஸா நகரசபை 2004இல் உருண்டைக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்ப்பதைத் தடை செய்தது. வளைந்த கண்ணாடி வழியே மீனுக்கு உலகம் கோணலாகத் தெரிகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். 2010இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் லெனர்ட் ம்லோடினோவும் ‘தி கிராண்ட் டிசைன்’ நூலில் இந்தத் தடையை எடுத்துக்கொண்டு, நாம் காணும் உலகம் மட்டும் கோணலில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கிண்ணத்தில் இருக்கும் மீனின் அவசரப் பிரச்னை பார்வை அல்ல, மூச்சு. நான் எழுத முற்படுவது செவுள் உள்ள, கழிவை வெளியேற்றுகிற அந்த மீனைப் பற்றி.

நான் குடியிருக்கும் மூலக்குளம் புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, வில்லியனூர் போகும் சாலையில் இருக்கிறது. உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. ஊர்ப் பெயரில் குளமும் நகராட்சியின் பெயரில் உழவரும் மிஞ்சியிருக்கிறார்கள். மற்றபடி மனை, வீடு, கடை. முன்னறையில் டி.வி.க்குப் பக்கத்தில் மீன் தொட்டி வைப்பது இங்கே ஒரு சாதாரண காரியம். நான் பார்த்தவரை இவற்றை மூன்று வகையாகச் சொல்லலாம். மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் தொட்டி ஒன்று. எந்தச் சாதனமும் இல்லாத கிண்ணம் அல்லது பாட்டில் இரண்டாவது. மண் பரப்பிச் செடி நட்டு, ‘இயற்கையானது, இதற்கு மெஷின் வேண்டாம்’ என்று கொஞ்சம் பெருமிதத்தோடு காட்டப்படுவது மூன்றாவது. முதலாமவர் இயந்திரத்தை நம்புகிறார். மூன்றாமவர் இயற்கையை நம்புகிறார். நடுவில் இருப்பவர் மீனின் தாங்கும் சக்தியை நம்புகிறார். இந்த மூன்று நம்பிக்கைகளும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பது என் சந்தேகம். மூன்றுமே வளர்ப்பவனை வேலையிலிருந்து விடுவிக்கின்றன.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஸ்தூலமாகப் பார்த்துவிட வேண்டும். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகிறது. இந்த அமோனியா அதே செவுளை அரிக்கும் விஷம். தண்ணீரின் காரத்தன்மை ஏறினாலும் வெப்பம் ஏறினாலும் விஷம் கூடும். நம்முடைய சித்திரை வெயிலில் தண்ணீர் தாங்கிக்கொள்ளும் பிராணவாயுவும் குறைந்துவிடும். இரண்டு கஷ்டங்களும் ஒரே நேரத்தில் வருகின்றன. இயற்கையில் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் ஒப்பளவில் சாது. இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோக்ராட்ஸ்கி, வருஷம் 1890.

இதில் கவனிக்க வேண்டியது, மீனைக் கொல்லும் அளவில் அமோனியாவுக்கு நிறமில்லை, நமக்கு எட்டும் வாசனையும் இல்லை. பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீரில் மீன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீரில் அது சௌக்கியமாக இருக்கலாம். தெளிவு பார்ப்பவனுக்கு வேண்டியது. சுத்தம் உள்ளே இருப்பதற்கு வேண்டியது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதில்தான் நம் குழப்பம் ஆரம்பிக்கிறது. பாட்டிலில் அடைத்து விற்கப்படும் ஃபைட்டர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேலே வந்து காற்றை நேராக விழுங்கக்கூடியது, ஆகவே அதற்கு எதுவும் தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. காற்றை விழுங்குவது உண்மை. ஆனால் அமோனியாவிலிருந்து அது எதை விழுங்கித் தப்பிக்கும்? ஒரு திறமை இருப்பதைக் காட்டி இன்னொரு தேவையை மறுப்பது சாமர்த்தியம், நியாயம் அல்ல.

ஃபில்டர் செய்வது என்ன? அது அழுக்கை அகற்றுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது அழுக்கை இடம் மாற்றுகிறது. கண்ணில் படும் இடத்திலிருந்து ஸ்பாஞ்சுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. ஸ்பாஞ்சும் அதே தண்ணீருக்குள்தான் இருக்கிறது. பாங்கில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இது பழக்கமான ஏற்பாடு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் போட்டுவிட்டால் அன்றைக்குப் பேரேடு சமனாகிவிடும். தொகை எங்கும் போய்விடவில்லை. ஒரு நாள் அதை எடுத்து அதற்குரிய இடத்தில் வைத்தே ஆகவேண்டும். ஃபில்டரின் உண்மையான பயன் அது பிடித்துவைக்கும் அழுக்கில் இல்லை. அதன் துவாரங்களில் நாலைந்து வாரங்களில் குடியேறும் பாக்டீரியாவில் இருக்கிறது. சுத்தப் பித்துப் பிடித்தவர்கள் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து அலசுகிறார்கள். வேலை செய்யும் உயிர்கள் அத்தனையும் அதில் போய்விடுகின்றன. நாலு நாளில் மீன் செத்தால் மீன் கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளி எடுத்து அதில் லேசாக அலசினால் போதும். பாக்டீரியா எல்லா வேலையையும் செய்த பிறகும் நைட்ரேட் என்ற பாக்கி நின்றுகொண்டே இருக்கும். அதை இறக்கச் செடி உறிஞ்ச வேண்டும், அல்லது ஒருவன் வாளியோடு வரவேண்டும்.

‘ஃபில்டர் போட்டுட்டா தண்ணிய பத்தி நீங்க மறந்துடலாம் சார்’ என்று ஒரு கடையில் என்னிடம் சொல்லப்பட்டது. இதைவிடத் துல்லியமாக அந்த இயந்திரம் எதற்காக விற்கப்படுகிறது என்பதை யாரும் சொல்லிவிட முடியாது. விற்பனையாவது மறதி.

இயற்கை கட்சிக்காரர்களிடம் வருவோம். அவர்களுடைய வம்சாவளி கௌரவமானது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1850 வாக்கில் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நாடா போன்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், கணக்கு சரியாகிவிடும் என்பது யோசனை. செடியின் அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்டார். தொட்டி நிலைத்தது. இதிலிருந்து ‘சமநிலைத் தொட்டி’ என்ற கருத்து பிறந்து ஒரு நூற்றாண்டு ஓடியது. அது ஒரு கட்டுக்கதை என்று அமெரிக்க மீனியல் அறிஞர் ஜேம்ஸ் ஆட்ஸ் 1949இல் எழுதினார். மீன் பிழைப்பதில் செடியைவிடத் தண்ணீரின் மேற்பரப்பு காற்றைத் தொடுவதற்கே முக்கியப் பங்கு என்று அவர் காட்டினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட தன் நூலில், அடியில் மண் போட்டு அடர்த்தியாகச் செடி வளர்த்தால் அமோனியாவைச் செடியே உணவாக எடுத்துக்கொள்ளும் என்று ரசாயன ஆதாரங்களோடு விவரித்தார். ஆக, ஃபில்டர் என்ற சாதனம் இல்லாமல் தொட்டி சாத்தியமே. ஆனால் வாரிங்டன் நத்தையைத் தேடிப் போனதைக் கவனியுங்கள். அவருடைய சமநிலை தானாக வந்ததல்ல, ஒருவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தது. நம்முடைய இயற்கைவாதிகள் நத்தையை எடுத்துக்கொண்டு வாரிங்டனை விட்டுவிடுகிறார்கள்.

‘குளத்துக்கு யார் ஃபில்டர் போட்டார்கள்?’ என்பது அவர்களுடைய பிரம்மாஸ்திரம். குளத்துக்கு வரத்துக்கால் உண்டு, கலிங்கு உண்டு. மழை வந்து நிரப்பும், மிகுந்தது வழிந்து போகும். அடியில் சேறு, மேலே வெயில், கரையில் நாணல், கொத்தித் தின்னக் கொக்கு. இத்தனையும் சேர்ந்துதான் குளம். இரண்டடித் தொட்டியில் ஏறத்தாழ ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. குளத்தின் பெயரைச் சொல்லித் தொட்டியை நியாயப்படுத்துவது, பெயரில் குளம் இருக்கிறது என்பதற்காக எங்கள் ஊரில் நீந்தப் போகிற மாதிரி. புதுச்சேரி நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது எங்களுக்குப் பக்கத்திலுள்ள முத்திரப்பாளையம். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்று ஐதீகம் சொல்லும் ஆயி என்ற தாசியின் பெயரால், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய மண்டபம் பாரதி பூங்காவில் நிற்கிறது. தண்ணீர் வந்த வழிக்கு மண்டபம் இருக்கிறது. அது அழுக்காகி வெளியேறிய வழிக்கு எந்த ஊரிலும் மண்டபம் கிடையாது. வரவைக் கொண்டாடுவதும் கழிவை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பதும் நம் பழைய சுபாவம்.

அந்த ‘யாரோ’ தொட்டிக்குள்ளும் இருக்கிறது. சக்கர் மீனை ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் விற்கிறார்கள். அது கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்பது வாஸ்தவம். தின்றதற்கு மேல் அதுவும் கழிக்கும் என்பதைப் பெயர் மறைத்துவிடுகிறது. அடியில் கிடப்பதைத் தின்றுகொள்ளும் என்று தனியாகத் தீனியும் போடுவதில்லை. வளர்ந்து பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கும் வலை வீசுகிறவர்களுக்கும் தொல்லையாகிவிட்டது. ‘சுத்தம் செய்வது அதன் இயல்பு’ என்ற வாக்கியத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மனிதர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்ட தேசம் இது. நம் அழுக்கைப் பிறவியின் பெயரால் இன்னொருவன் மேல் சுமத்தும் பழக்கம் சட்டத்தைவிட ஆழத்தில் இருக்கிறது. முன்னறைத் தொட்டிவரை அது வந்து சேர்ந்ததில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

வடிகட்டுதலுக்கு வேறொரு அர்த்தமும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அதிக தூரமில்லாத மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. சமணர்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது குடிப்பவனின் ஆரோக்கியத்தை உத்தேசித்து அல்ல. நீரில் இருக்கும் உயிர்கள் தன் வயிற்றுக்குள் சாகக்கூடாது என்பதற்காக. துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே திருப்பி விடுவதும் அந்த ஆசாரத்தின் பகுதி. அதன் தத்துவத்தை ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம். வடிகட்டி யாருக்காக என்ற கேள்வியை அது கேட்டுவிட்டது. நம்முடைய முன்னறை ஃபில்டர் பெரும்பாலும் பார்ப்பவனுக்காகவே ஓடுகிறது. இரவில் குமிழிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அணைத்துவிட்டு, காலையில் விருந்தாளி வரும்போது போடுகிற வீடுகளை நான் அறிவேன். விளக்கு அணைந்த பிறகு செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிற நேரத்தில் அது அணைக்கப்படுகிறது.

எனக்குப் படுவது இது. ஒரு உயிரைச் சுற்றிச் சுவர் எழுப்பியவன், அந்தச் சுவரால் வெளியே நின்றுபோன வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாளியாகிறான். மழையின் வேலை, சேற்றின் வேலை, நீரோட்டத்தின் வேலை மூன்றும் அவன் தலையில் வந்து விழுகின்றன. அவற்றை எதைக் கொண்டு செய்கிறான் என்பது வசதியைப் பொறுத்தது. செய்கிறானா என்பதுதான் தார்மீகம். நாலைந்து சிறு மீன், அடர்ந்த செடி, வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றும் கை, இவை இருந்தால் இயந்திரம் வேண்டாம். மீன் அதிகம், செடி இல்லை, ஊரோ கடலோரத்து வெக்கை என்றால் வேண்டும். அப்போதும் கைக்கு விடுமுறை இல்லை. தங்கமீனைக் கிண்ணத்தில் வைப்பதற்கு எந்த நிலையிலும் நியாயம் கிடையாது. இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் வாழ்ந்தது. நம் வீடுகளில் சில மாதங்களில் சாவதை ‘தங்கமீன் ஆயுசே அவ்வளவுதான்’ என்கிறோம்.

அப்படியானால் மீனே வளர்க்காமல் இருப்பதுதானே நேர்மை என்று கவிஞ நண்பர் ஒருவர் கேட்டார். இந்த ஆட்சேபம் வலுவானது. இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. கொளத்தூரிலும் மற்ற இடங்களிலும் பண்ணையில் பிறந்து விற்பனைக்கு வந்துவிட்ட மீனுக்குத் திரும்பிப் போகக் குளம் கிடையாது. ஊசுட்டேரியில் கொண்டுபோய் விட்டால் அது விடுதலை அல்ல, ஏரிக்குச் செய்யும் துரோகம். ஆனால் இது ஏற்கெனவே வாங்கப்பட்ட மீனுக்குத்தான் பொருந்தும். அடுத்த மீனை வாங்க இதிலிருந்து எந்த உரிமையும் பிறப்பதில்லை. நண்பரின் கேள்வியை அந்த அடுத்த மீனுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது எந்தக் கம்பெனி ஃபில்டர் நல்லது என்று விசாரிப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் யார் வாளி தூக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால் தொட்டியை வாங்காமல் திரும்பிவிடலாம்.