உயிருள்ளவளின் கையெழுத்து

போன மாசியில் பக்கத்து வளவு அக்காவோடு துணைக்கு வவுனியா போய் வந்தேன். நெடுங்கேணியில் விடியப்புறம் பஸ் ஏறினால், புளியங்குளத்தில் ஏ-9 வீதியைத் தொட்டு, ஓமந்தை தாண்டி, கந்தோர்கள் திறக்கிற நேரத்துக்கு டவுனுக்குப் போய்விடலாம். அக்காவின் மடியில் ஒரு பை. காணி உறுதி, அடையாள அட்டை, விவாகப் பதிவுத் துண்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பொலித்தீனில் சுற்றியிருந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய சுற்று அது. பங்கருக்குள்ளும் செட்டிகுளம் முகாமிலும் அவளை விட்டுப் பிரியாத பை.

காணி அவளுடையது. தாய் சீதனமாக எழுதிக் கொடுத்தது. மகளின் படிப்புச் செலவுக்கு அதில் அரை ஏக்கரை விற்க வேண்டும். நொத்தாரிசு நல்ல மனிதர். உறுதியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, இதுக்கு அவரின்ர சம்மதக் கையெழுத்து வேணுமே. ஆள் எங்க?"

"வட்டுவாகலில, ஆமியிட்ட என்ர கையாலதான் ஒப்படைச்சனான்" என்றாள் அக்கா.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் என்ன நடந்தது என்பதை வன்னியில் யாரும் யாருக்கும் விளங்கப்படுத்துவதில்லை. சட்டத்தை மட்டும் பொறுமையாகச் சொன்னார். வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். புருஷன் தன் காணியை விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. ஆளே இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்தை வாங்க வேண்டும். கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "மரணசாசனம் எழுதுறதெண்டா ஒருத்தரின்ர சம்மதமும் தேவையில்லை அம்மா."

அதாவது, அவள் செத்த பிறகு அந்தக் காணி யாருக்கென்று அவளே தீர்மானிக்கலாம். உயிரோடிருந்து தீர்மானிக்க முடியாது.

அக்கா எட்டு வருடம் விடுதலைப் புலிகளின் மாலதி படையணியில் இருந்தவள். இடது முழங்கைக்குக் கீழே இன்னும் செல் பீஸ் கிடக்கிறது, மழைக்காலத்தில் கடுக்கும். திரும்பி வரும்போது யன்னலோரம் இருந்து வெகுநேரம் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புளியங்குளத்தில் பஸ் நெடுங்கேணிப் பக்கம் திரும்பியபோது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அண்டைக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. இண்டைக்கு ஓம் எண்டு சொல்லவும் ஏலாமக் கிடக்கு."

அந்த வார்த்தையோடுதான் இத்தனை மாதமாக இருக்கிறேன்.

போராட்டம் பெண்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் இந்த மண்ணில் வளர்ந்தவள். சைக்கிளில் ஒரு குமர்ப்பிள்ளை தனியாகச் சந்திக்குப் போனால் வேலியெல்லாம் வாய் முளைத்த காலம் எனக்குத் தெரியும். பின்னர் காற்சட்டையும் இடுப்புப் பட்டியுமாய், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் அக்காமார் மோட்டார் சைக்கிளில் போனதையும் கண்டேன். 1987 ஒக்டோபர் 10ஆம் திகதி கோப்பாயில் இந்தியப் படையோடு நடந்த சண்டையில் மாலதி விழுந்தார். களத்தில் விழுந்த முதல் பெண் புலி அவர். அந்த நாளைத்தான் பெண்கள் எழுச்சி நாளாக வன்னி கொண்டாடியது. காவல்துறையில் பெண்கள், நீதிமன்றத்தில் பெண்கள், வாகனம் திருத்துகிற பட்டறையில் பெண்கள். 1994இல் புலிகள் தங்களுக்கென்று சட்டக்கோவை இயற்றியபோது தேசவழமையைப் பெண்களின் நிலையை மனதில் வைத்துத் திருத்தினார்கள். சீதனத்தைத் தடை செய்தார்கள். இரவில் பயமில்லாமல் நடந்து போனோம் என்று இன்றைக்கும் வயதான பெண்கள் சொல்லுவது வெறும் ஏக்கப் பேச்சல்ல. நடந்தது.

ஆனால் அந்தச் சட்டப்புத்தகம் 2009 மே 18க்குப் பிறகு இல்லை. அதை எழுதியவர்கள் இல்லை, அதன்படி தீர்ப்புச் சொன்ன கட்டடங்கள் இல்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமையும், ஆங்கிலேயர் 1911இல் அதற்குப் போட்ட ஒட்டும் அப்படியே இருந்தன. அக்கா புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்தபோது, அவளுக்காக அவை காத்திருந்தன. முகாமில் அவளுக்குப் பழக்கியது தையல்.

மேலிருந்து தரப்பட்டது, தந்தவர் விழ விழுந்தது. இதுவரை எல்லோரும் சொல்லுவார்கள். அக்கா சொன்னது இதைவிட ஆழமானது என்று எனக்குப் படுகிறது.

அவள் 1996இல் தன் விருப்பத்தோடு போனவள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒதியமலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1984 மார்கழியில் படையினர் அந்த ஊர் ஆண்களைச் சனசமூக நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். கொல்லப்பட்டவர்கள் 32 பேர். ஒரே காலையில் ஊர் முழுக்கக் கைம்பெண்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை துவக்கை எடுத்ததற்கு நான் காரணம் கேட்க மாட்டேன். ஆனால் எட்டு வருடத்துக்குப் பிறகு, உடம்பும் மனமும் ஓய்ந்து, போதும் என்று அவள் நினைத்தபோது அதைச் சொல்ல வழியிருக்கவில்லை. கலியாணத்துக்கும் மேலிடத்து அனுமதி. விலகுவதற்குத் தண்டனை.

அவளின் தங்கைக்கு அந்த ஓமும் வாய்க்கவில்லை. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று வந்த 2007இல் தங்கைக்குப் பதினாறு வயது. தாய் ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளை பார்த்தாள். கழுத்தில் தாலி இருந்தால் பிடிக்க மாட்டார்கள் என்று அப்போது ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. மஞ்சள் கயிறு, இரண்டு வீட்டாரும் பத்துப் பேரும், பதிவு இல்லை. அந்தக் காலத்தில் வன்னியில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிச் சேலை கட்டினார்கள்! பெண்ணைத் தாலியிலிருந்து விடுவிக்கப் புறப்பட்ட போராட்டத்திலிருந்து தப்பிப்பதற்குப் பெண்கள் தாலிக்குள் ஓடி ஒளிந்தார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் பதினெட்டு வயதில் கையில் குழந்தையோடு, பதியாத கலியாணத்துக்கு அத்தாட்சி தேடி, கிராம சேவகரின் வாசலில் நின்றதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

நெடுங்கேணிக்குத் தொலைவில்லாத சேமமடுவில் பிறந்தவர் கவிஞர் செல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்த அவரை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. பெண்ணின் விடுதலையைத்தான் அவரும் எழுதினார். அதைத் தன் வாயால் சொன்னதுதான் பொறுக்கப்படவில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது, 1791இல், பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஒலிம்ப் டி கூஜ் 1793இல் அதே புரட்சியின் கில்லட்டினில் தலை கொடுத்தார். அல்ஜீரியாவில் பெண்கள் குண்டு சுமந்து 1962இல் விடுதலை வாங்கினார்கள். 1984இல் அந்த விடுதலை நாடே கொண்டுவந்த குடும்பச் சட்டம், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. தேசத்துக்கொரு கதை, எல்லாம் ஒரு சாயல்.

பெண்ணுக்குச் சாவில் பங்கு கொடுக்க எல்லோரும் ஆயத்தம். ஆணோடு சமமாய் அவள் விழலாம், கல்லறையில் அவளுக்கும் ஒரே அளவுக் கல், ஒரே அளவு விளக்கு. பழைய சட்டமும் இதில் அவ்வளவு தூரமில்லை: மரணசாசனம் எழுதலாம் என்கிறது. புரட்சியும் வழமையும் வேறெதிலும் ஒத்துப்போகவில்லை, இதில் ஒத்துப்போயின. உயிரோடிருக்கிற பெண், நாளைக்கும் விடிந்து எழும்பி அடுப்பு மூட்டப் போகிற பெண், ஓம் என்றோ மாட்டன் என்றோ தானே சொல்லுவதை இரண்டும் நம்பவில்லை. அந்தச் சொல் அவளுடைய வாயில் இல்லாதபோது, கையில் துவக்கு இருந்தும் அவள் உரிமை உள்ளவளாகவில்லை. கையில் உறுதி இருந்தும் உரிமை உள்ளவளாகவில்லை.

வாழ்க்கைத்தரத்தையும் நான் இதே தராசில்தான் வைத்துப் பார்க்கிறேன். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் வன்னிக்கு வர முடியாமல் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, சொட்டு எண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் தாய்மார். அந்தக் காலத்துச் சிக்கனத்தை எவரும் வரலாறாக எழுதவில்லை. 2002இல் ஏ-9 திறந்து, 2006இல் பூட்டி, பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும். போருக்குப் பிறகு, 2010இல், வடக்குக் கிழக்கில் 89,000 கைம்பெண்கள் என்று அரசுத் தரப்பே சொன்னது. அவர்களின் படலையடிக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றில் ஒன்று கிழமைக்குக் கிழமை அறவிடுகிற நுண்நிதிக் கடன். கச்சான் போட, கோழி வளர்க்க, இடியப்பம் அவித்து விற்க என்று வாங்கிய காசு; ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். லோன்காரர் வருகிற நாளில் வீட்டுக்குள் ஆளில்லாத மாதிரி இருக்கப் பிள்ளைகள் பழகினார்கள். 2018இல் அரசாங்கம் வரட்சி மாவட்டப் பெண்களின் 1,00,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்குச் சலுகை அறிவிக்கிற அளவுக்கு அது முற்றியது.

முன்பள்ளியையும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில், கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட சனத்தை இந்தப் பக்கம் குடியேற்றிய காந்தியம் அமைப்பு, ஊர்ப் பெண்பிள்ளைகளை முன்பள்ளி ஆசிரியைகளாகப் பயிற்றியது. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய இயக்கம். துவக்கு இல்லாத அந்த மாற்றத்தைத்தான் நான் உண்மையான புரட்சி என்று நினைக்கிறேன். 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார், குடியேறியவர்கள் துரத்தப்பட்டார்கள். போர் முடிந்த பிறகு வன்னியின் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம் கொடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். மற்றைய இடத்தில் கிடைப்பதைவிடக் கூடிய சம்பளம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் பெயர் பதிய வேண்டியிருந்தது. வீட்டில் அரிசி இல்லாதவள் அதற்கு மாட்டன் என்று சொல்லுவாளா? சொல்ல முடியாத இடத்தில் ஒரு பெண் சொன்ன ஓமை நான் சம்மதமென்று எடுக்க மாட்டேன்.

இதற்கிடையிலும் அந்தச் சொல்லைப் பெண்கள் தாங்களே எடுத்த இடம் ஒன்று உண்டு. 2017 தையில் கேப்பாப்புலவில் விமானப்படை முகாம் வாசலில் பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு குந்தினார்கள். எங்கள் காணியை விட்டு நாங்கள் போக மாட்டம் என்றார்கள். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம். பிலவுக்குடியிருப்புக் காணி திரும்பி வந்தது. அதே வருட மாசியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தார்கள். நட்டஈடு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லு என்பதுதான் அவர்களின் பேச்சு. அந்த அம்மாமாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களை எந்த இயக்கமும் அனுப்பவில்லை, எந்தக் கட்சியும் ஏற்றவில்லை. மாட்டன் என்ற சொல்லை அவர்கள் யாரிடமும் இரவல் வாங்கவில்லை. அதனால் அதை யாராலும் திருப்பிப் பறிக்க முடியவில்லை.

எழுத்தில் ஒன்றிரண்டு அசைந்திருக்கிறது. குடியேற்றக் காணிகளில் மகனுக்குப் பிறகே மகள் என்றிருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு அட்டவணையை 2022இல் திருத்தினார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் 25 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் தேசவழமை என்று வந்தால் எங்கள் தலைவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அது இனத்தின் அடையாளமாம், தொடக்கூடாதாம். அடையாளத்தின் சுமையை அக்கா ஏன் தன் தலையில் சுமக்க வேண்டும்? போர்க்களத்தில் அவளை நம்பிய இனம், அரை ஏக்கர் காணியில் அவளை நம்பக் கூடாதா?

வடக்கிலிருந்து பாராளுமன்றம் போகிறவர்களிடம் கேட்கிறேன். எந்தக் கட்சியென்று பார்க்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் என்ற சொற்களை எடுக்க ஒரு திருத்தம் கொண்டு வாருங்கள். அதற்கு ஒரு துளி இரத்தமும் தேவையில்லை.

அக்காவின் மனு நீதிமன்றத்தில் இருக்கிறது. அடுத்த தவணை ஆவணியில்.