கூரத்தாண்டாளும் எங்கள் பாட்டியாரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இம்மலருக்கு ஒரு வியாஸம் எழுதவேண்டும் என்று கோயிலார் நியமித்தபோது அடியேன் தயங்கினேன். சாஸ்திரார்த்தங்களை எழுதும் யோக்யதை அடியேனுக்கு இல்லை. கற்றுத் தெளிந்த ஸ்வாமிகள் பலர் இருக்கிறார்கள். அடியேன் அறிந்தவையெல்லாம் பாட்டியார் சொல்லக் கேட்டவையே. ஆகையால் அவரைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

பாட்டியார் எழுத்தறியாதவர். காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரியின் பாசனத்தில் சிறிது கழனி. அதுவே குடும்பத்திற்கு ஜீவனம். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் அவ்வேரி, வாலாஜாவுக்கு அருகிலுள்ள அணைக்கட்டிலிருந்து வரும் பாலாற்று நீரை நம்பியிருப்பது. ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டுகளில் எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூடப் பலகாரம் இராது. ஆயினும் பெருமாளுக்குத் துளசிமாலையும், கோடையில் வழிநடப்பவர்களுக்கு நீர்மோரும் ஒருநாளும் நின்றதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில், ஆவுடையாரின்மேல் நின்ற திருக்கோலமாக ஸேவை ஸாதிக்கும் திருப்பாற்கடல் பிரஸந்ந வேங்கடேசப் பெருமாளை ஸேவிக்கச் செல்லும் யாத்ரிகர்களுக்குத் திண்ணையில் தயிர்சாதம் காத்திருக்கும். வருபவர் யார், எவ்வூர் என்று பாட்டியார் கேட்டு அடியேன் அறியேன். “பசிக்கிறதா?” என்பது ஒன்றே அவர் கேட்கும் கேள்வி.

வைகாசி மாதத்தில் காஞ்சி பேரருளாளனின் கருடஸேவைக்கு முதல்நாளே வண்டி பூட்டுவோம். ஓச்சேரி, தாமல், பாலுசெட்டி சத்திரம் என்று வழி நீளும். கூரத்திற்குப் பிரியும் இடம் நெருங்கியதும் பாட்டியார் அத்திசை நோக்கிக் கைகூப்பிக் கதையைத் தொடங்கிவிடுவார். கூரத்தாழ்வானின் திருமாளிகையில் நாள்முழுதும் அன்னதானம் நடந்து, இரவில் பெருங்கதவைச் சாத்தும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியது. அதனை அறிந்த ஆழ்வான், இச்செல்வம் எதற்கு என்று அனைத்தையும் துறந்து, தம் தேவியான ஆண்டாளோடு திருவரங்கத்தில் எம்பெருமானார் திருவடிகளை நாடிப் புறப்பட்டார். காட்டுவழியில் ஆண்டாள் அஞ்சினார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ வழியில் பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுதுசெய்வதற்காக எடுத்துவந்த பொன்வட்டிலை ஆண்டாள் காட்ட, ஆழ்வான் அதனை வாங்கி வீசியெறிந்தார்.

இவ்விடத்தில் உபந்யாஸகர்கள் ஆழ்வானின் வைராக்யத்தைக் கொண்டாடுவார்கள். பாட்டியாரோ ஆண்டாளின் பக்கம் பேசுவார். “புருஷன் இலையில்லாத காட்டில் எதில் சாப்பிடுவான் என்று நினைத்துத்தானே எடுத்துவந்தாள், பாவம்! தனக்கென்றா எடுத்தாள்?” என்பார். அடியேனுக்கு இன்றும் அந்த வாதமே நியாயமாகத் தோன்றுகிறது; பெரியோர் க்ஷமிக்க வேண்டும்.

காஞ்சியில் கருடஸேவையன்று கோபுரவாசலில் திருக்குடையால் பெருமாளை ஒரு க்ஷணம் மறைப்பார்கள். நம் சோளசிங்கபுரத்துத் தொட்டாசார்யர், ஓராண்டு ஸேவைக்கு வரமுடியாமல் தக்கான் குளக்கரையில் தவித்தபோது, பேரருளாளன் அங்கேயே ஸேவை ஸாதித்தாராம். குடை விலகும்வரை பாட்டியார் சோளசிங்கபுரம் இருக்கும் பக்கமே திரும்பி நிற்பார். “இப்போது அங்கே இருக்கிறார்” என்று எங்கள் காதில் சொல்லுவார்.

அடியேனுக்குப் பத்து வயதாகும்போது தகப்பனார் விஷஜுரத்தில் காலமானார். பாட்டியாருக்கு மூத்த மகன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பது வழக்கம். பாட்டியார் அப்படி ஏதும் செய்யவில்லை. மாட்டுத்தொழுவத்தின் பின்புறம் சென்று தனியே அழுதுகொண்டிருந்தார். அடியேன் அதைப் பார்த்துவிட்டேன்.

அவர் சொன்ன கதைகளிலேயே அடியேன் மனத்தில் ஆழப் பதிந்தது பராசர பட்டரின் கதை. இளவயதிலேயே பட்டர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, தாயாரான ஆண்டாள் கலங்காமல் விடைகொடுத்தார்; அழுத இளைய குமாரர் வேதவ்யாஸ பட்டரை நோக்கி, தமையன் பரமபதம் பெற்றதில் பொறாமையோ என்று வினவினார் என்று பாட்டியார் பலமுறை சொல்லியிருந்தார். சிறுபிள்ளைத்தனத்தில் அடியேன் கேட்டேன்: “ஏன் பாட்டி அழுகிறாய்? ஆண்டாள் அழவில்லையே!”

அக்கேள்வியை இன்று நினைத்தாலும் நாக்கு கூசுகிறது. பாட்டியார் கோபிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவள் கூரத்தாழ்வானோடு குடித்தனம் செய்தவள், அப்பா. நான் உன் தாத்தாவோடு குடித்தனம் செய்தவள்” என்றார். அழுகையின் நடுவே சிறிது சிரிப்பும் வந்தது. பிறகு அடியேனை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: “ஆழ்வான் போனபோது உடையவரே அழுதாரே, தெரியாதா உனக்கு?”

அதுவரை அப்பகுதியை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆசார்யனை எதிர்கொண்டு வரவேற்க வேண்டும் என்று முன்னே பரமபதம் செல்ல விரும்பிய ஆழ்வானைப் பிரிய மனமின்றி எம்பெருமானார் கண்ணீர் உகுத்தார் என்று அன்று சொன்னார். பரமபதத்தின் பெருமையை உலகுக்கெல்லாம் உபதேசித்தவர் அவர். ஆழ்வான் செல்லும் இடத்தில் அவருக்கு ஸந்தேஹம் இருந்ததா? இல்லை. ஆயினும் அழுதார். துக்கப்படுகிறவர் வீட்டிற்குச் சென்று பக்திமான்கள் அழலாகாது என்று உபதேசிக்கும் நம்மவர் சிலர், உடையவரின் திருக்கண்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தீட்டுக் காலத்தில் கோயிலுக்குப் போகக்கூடாது, மாலையும் கட்டக்கூடாது. மகனை இழந்த துக்கத்தோடு இதுவும் அவரை வாட்டியது. அடுத்த வீட்டு அம்மாளை அழைத்து, துளசி எந்தப் பாத்தியில் தழைத்திருக்கிறது, கண்ணிகளை எவ்வளவு நெருக்கமாகக் கட்டவேண்டும் என்று வாசலில் நின்றே சொல்லி அனுப்புவார். மாலையில் திருவாராதன மணி கேட்கும்போது கோயில் பக்கம் திரும்பி, வாய்திறவாமல் நிற்பார். காஞ்சியில் குடை மறைத்த க்ஷணத்தில் நின்றதுபோலவே நின்றார்.

தீட்டுக் கழிந்த மறுநாள் விடியுமுன்பே தோட்டத்திற்குச் சென்றுவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, பேசாமல், கட்டிக்கொண்டே இருந்தார். பறித்துவந்த துளசியெல்லாம் தீர்ந்த பிறகே நாரை அறுத்தார். அந்த மாலையை அடியேன்தான் கூடையில் சுமந்து சென்றேன். அது வழக்கத்தைவிட இரண்டு முழம் நீண்டிருந்தது. அர்ச்சக ஸ்வாமி கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேளாமல், இரண்டாக மடித்துப் பெருமாளுக்குச் சாற்றினார்.